கராஜில் எரிந்த நீல வெளிச்சம்

சைலன்சரின் இரண்டு வாய்களும் அடைபட்டிருந்தன.

குகதாசன் அதைத் தூக்கி, கராஜின் ஒற்றை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நேற்று வேலையால் வந்து, சாப்பிடக்கூட இல்லாமல், துரு தின்ற இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டியது அவன்தான். முடித்ததும் ஒரு முனையில் வாய் வைத்து ஊதியும் பார்த்தான். காற்று மறுமுனையால் தாராளமாகப் போனது. இப்போது இரண்டு முனைகளிலும் காசளவு வட்டத் தகடுகள். அவற்றைச் சுற்றி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டு ஓடியிருந்தது.

ஒட்டு அவனுடையதுதான். அவன் இடக்கைக்காரன். அவன் போடும் ஒட்டு எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும்; மாலை வகுப்பில் வெல்டிங் பழக்கிய வெள்ளைக்காரர் அதைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். ஆனால் இவ்வளவு நேர்த்தியாக அவன் ஒருநாளும் ஒட்டியதில்லை.

விரலால் தொட்டான். சூடு இன்னும் ஆறவில்லை.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், நோர்பரியில் அந்த வீட்டை வாங்கி இரண்டு வருடமாகிறது. பகலில் இன்சூரன்ஸ் கந்தோரில் கோப்புகளோடு மாரடிப்பவனுக்கு, பழைய வான் வண்டியின் சைலன்சரையும் புகைக்குழாயையும் வெட்டி ஒட்டுவதுதான் ஒரே பொழுதுபோக்கு. முகமூடியை இறக்கினால் உலகம் இருண்டுவிடும். உருகும் ஒரு சொட்டு மட்டும் தெரியும். அந்த நேரத்தில் ஊர் நினைவு வராது, செய்தி கேட்கத் தோன்றாது.

குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இஞ்சேரும், நீர் கராஜுக்குள்ளை வந்தனீரோ?"

"அந்த மணத்துக்குள்ளை எனக்கென்ன வேலை?" அவன் மனைவி அருள்மலர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அரை நித்திரையிலை நீங்களே ஒட்டியிருப்பியள்."

அப்படித்தான் இருக்கும் என்று அவனும் நினைத்துக்கொண்டான். இரும்பறுக்கும் வாள் எடுத்து இரண்டு மூடிகளையும் அறுத்தெறிந்து, சைலன்சரை வானுக்குக் கீழே பூட்டினான். வெல்டிங் மிஷினின் பிளக்கைக் கழற்றித் தரையில் போட்டான். காஸ் போத்தலை இறுக மூடினான்.

அன்று பின்னேரம் வெளியே தூறல். ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, குசினிப் பக்கமிருந்து சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பொரிந்தது. நின்றது. மறுபடி பொரிந்தது.

"தாச்சியை அடுப்பிலை வைச்சிட்டு எங்கை போட்டீர்?"

"நான் இஞ்சைதானே நிக்கிறன்."

அவள் அவனுக்குப் பின்னால் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் குசினி வாசலுக்கு வந்தார்கள். அடுப்பு அணைந்திருந்தது. கராஜுக்குப் போகும் கதவின் அடியில் நீல வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கும்போதெல்லாம் சுவரில் கரண்டிகளின் நிழல் எகிறி விழுந்தது. எரிந்த பெயின்ட் மணம், சுட்ட இரும்பு மணம். அருள்மலர் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். குகதாசன் கதவைத் தள்ளினான்.

இருட்டு. சத்தமில்லை.

லைட்டைப் போட்டான். பிளக் போட்ட இடத்திலேயே கிடந்தது. காஸ் போத்தல் மூடித்தான் இருந்தது. ஆனால் மிஷினின் கைபிடி முனை சிவந்து ஆறிக்கொண்டிருந்தது. குறடும் சாவியும் போடும் ஆயுதப் பெட்டியின் மூடி சுற்றிவர ஒட்டப்பட்டிருந்தது. பெயின்ட் டின்கள், எண்ணெய் ஊற்றும் புனல், பூமரத்துக்குத் தண்ணீர் விடும் வாளியின் மூக்கு. திறந்திருந்த எல்லாம், திறக்கக்கூடிய எல்லாம்.

சரிந்த ஒட்டு. அழகான ஒட்டு.

அவன் மிஷினைத் தூக்கிக்கொண்டு தூறலுக்குள் ஓடினான். பின்வளவின் கடைசியில் போட்டுச் சுத்தியலால் அடித்தான். பக்கத்து வீட்டு யன்னலில் லைட் எரிந்தது. அவன் நிறுத்தவில்லை. மிஷினின் வயிறு பிளந்து, கம்பிச் சுருள் சேற்றில் கொட்டுப்படும் வரைக்கும் அடித்தான்.

அடுத்தநாள் ஞாயிறு. மிளகாய்த்தூள் டின்னின் மூடியை அருள்மலரால் திறக்க ஏலவில்லை. அவனிடம் கொண்டுவந்து நீட்டினாள். விளிம்பைச் சுற்றி செதில் செதிலாக ஒட்டு. அவன் மின் அடுப்பின் கதவை இழுத்துப் பார்த்தான். அதுவும் அசையவில்லை.

"அது வீட்டுக்குள்ளை வந்திட்டுது," என்றான். குரல் அவனுக்கே பிடிபடவில்லை. "நான் செய்யேல்லை. சத்தியமா நான் இராத்திரி எழும்பேல்லை."

"தெரியும்," என்றாள் அருள்மலர். அவளுடைய உதடு வெளுத்திருந்தது. "நான் விடிய விடிய உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு முழிச்சுத்தான் கிடந்தனான்."

கிங்ஸ்பரியில் இருக்கும் அவளுடைய அண்ணை செல்வரத்தினத்துக்கு டெலிபோன் எடுத்தார்கள். காரணத்தை அவள் சொல்லவில்லை. அழுகையைக் கேட்டே அவர், "ரெண்டு பேரும் உடனை வெளிக்கிட்டு வாங்கோ," என்றார்.

மார்கழி மாதம். சாமான் கட்டி முடிய நாலு மணியாகி, வெளியே இருட்டிவிட்டது. வானின் பின்பக்கம் முழுக்கத் தகரம், யன்னலில்லை. சாரதி இருக்கைக்கும் அதற்கும் இடையில் இரும்புத் தடுப்பு. அருள்மலர் பின்னால் ஏறிப் பெட்டிகளை அடுக்கினாள். குகதாசன் கராஜ் கதவை உயர்த்தித் திறந்து வைத்துவிட்டு, கடைசித் தலையணைகளை எடுக்க உள்ளே போனான். போனான், வந்தான். அவ்வளவுதான்.

வானின் பின்கதவுகள் சாத்தியிருந்தன.

"அருள்?"

"திறவுங்கோ. தானாச் சாத்துப்பட்டிட்டுது."

கைபிடியைத் திருகினான். திருகியது. கதவு வரவில்லை. இழுத்தான், காலை ஊன்றி இழுத்தான். விளிம்புகளில் கண்ணுக்குத் தெரிகிற ஒட்டு எதுவும் இல்லை. மழித்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு கதவும் ஒரே தகடு போல நின்றன. கம்பிப்பாரையை இடுக்கில் செருகி முழுப் பாரத்தையும் கொடுத்தான். பாரை வளைந்தது.

"கெதியாத் திறவுங்கோ. எனக்கு மூச்சு முட்டுது."

"இந்தா, இந்தா அருள். நான் நெருப்பணைக்கிற ஆக்களுக்கு டெலிபோன் எடுத்திட்டு ஓடி வாறன்."

"ஐயோ, விட்டிட்டுப் போகாதேங்கோ!"

பக்கத் தகட்டில், வண்டிச் சில்லுக்கு மேலே, ஒரு துரு ஓட்டை. அதனூடாக அவளுடைய சுண்டுவிரல் வெளியே வந்தது. நகத்தில் மஞ்சள் கறை. குகதாசன் முழந்தாளில் விழுந்து அந்த விரலைப் பிடித்தான். குளிர்ந்திருந்தது. மற்றக் கையால் பாரையை எடுத்துத் தகட்டில் இடித்தான். தெருவைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினான், தமிழில் கத்தினான். எதிர்வீட்டில் தொலைக்காட்சிச் சிரிப்பு. ஒருவரும் வரவில்லை.

உள்ளே அவள் அழுவது திடீரென்று நின்றது.

"இஞ்சேருங்கோ." குரல் மிகத் தாழ்ந்து, ஓட்டைக்கு மிகக் கிட்ட வந்தது. "சத்தம் போடாதேங்கோ."

"என்ன?"

"உள்ளுக்குள்ளை வேறை ஆரோ இருக்கினம்."

"பெட்டியளடி. பெட்டியள்தான்."

"மூச்சு விடுகினம்."

விரல் அவன் பிடியிலிருந்து போனது. அவள் எடுக்கவில்லை. இழுபட்டுப் போனது.

அவன் ஓட்டையில் கண்ணை வைத்தான். கறுப்பு. ஒன்றுமில்லை. பிறகு சடசடவென்று பொரிகிற சத்தம். நீல வெளிச்சம். பெட்டிகளில் முதுகு ஒட்ட நிற்கும் அருள்மலர். திறந்த வாய். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கண்ணுக்கு எட்டாத மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் ஓட்டையை நோக்கி வந்தது.

கண் எரிந்தது. பின்னால் விழுந்தான். பார்வையெங்கும் பச்சைப் புள்ளிகள். அவற்றுக்கூடாக ஓட்டையின் விளிம்பு சிவப்பதைக் கண்டான். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. ஓட்டையின் வாய் சுருங்கி மூடியது.

"அருள்! அருள்!"

பொரிகிற சத்தம் மட்டும். வானின் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடாகக் கொப்பளித்து, கருகி, உரிந்தது. உள்ளே இருந்து. அந்தக் கோடு தகட்டின் மேலே நிதானமாக, அவசரமே இல்லாமல், அருள்மலர் நின்ற பக்கம் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.