எத்தனை அறைக்குக் கணப்பு?

தீரிலுக்கு வீட்டிலேயே பிடித்த இடம் ஜன்னலோரப் பலகைதான். பள்ளி விட்டு வந்ததும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அதில் ஏறிவிடுவாள். குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். பனி விழ விழ, எது வானம் எது கடல் என்றே தெரியாது. அந்த நீல இருட்டில் ஒரு விளக்கு மிதந்து வரும். அது அம்மா ஓட்டும் பயணிகள் படகு. தீரில் தன் சின்ன விளக்கை மூன்று முறை ஆட்டுவாள். படகு விளக்கும் மூன்று முறை கண் சிமிட்டும்.

அந்தப் பலகைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் பழைய இரும்புக் கணப்பு விரிசல் விட்டுவிட்டது. அப்பா ஐவின்ட் ஐந்து அறைகளின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கடையில் காட்டி, யானைக்குட்டி மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அதை வைக்க வேண்டுமென்றால் பலகையைக் கழற்ற வேண்டும்.

"அம்மா விறைச்சுப்போய் வர்றாங்க குட்டி. வீடு கதகதன்னு இருக்க வேணாமா?" என்றார்.

அம்மாவுக்காக என்றால் எப்படி மறுப்பது? தீரில் பலகையில் படுத்துப் பனியையே பார்த்தாள். கண் லேசாகச் சொக்கியது. கனவில் அந்தப் புதுக் கணப்பிலிருந்து சூடு ஒரு செம்பட்டைப் பூனையாக இறங்கி வந்தது. படியேறி மாடிக்குப் போனது. படுக்கையறை ஜன்னல் வழியே வெளியே குதித்து, மலைமேல் ஓடிப்போனது.

தீரில் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அப்பாவின் தாளைத் தேடி எடுத்தாள்.

"அப்பா, மாடியில இருக்கிற மூணு அறையையும் சேர்த்துட்டீங்களா?"

"பின்ன? அதுவும் வீடுதானே."

"அங்கே ராத்திரி பூரா ஜன்னலைத் திறந்து வெச்சுத்தானே தூங்குறோம். மலையையும் சேர்த்துச் சூடாக்கப் போறோமா?"

ஐவின்ட் தாளை வாங்கிப் பார்த்தார். பனிக்காலத்தில்கூட ஜன்னலை மூடினால், குளிர்காற்று இல்லாமல் அந்த ஊரில் யாருக்கும் தூக்கம் வராது. அவருக்குச் சுத்தமாக வராது. பக்கத்து வீட்டு டோர்கெய்ர் போன வருடம் பெரிய கணப்பு வாங்கியதும் நினைவுக்கு வந்தது. முழுதாக எரித்தால் அவர் சூடு தாங்காமல் பனியனோடு வாசலில் வந்து நிற்கிறார். காற்றைக் குறைத்து மெதுவாக எரித்தால் வீடெல்லாம் புகை, கரி.

"காபி குடிக்கப் போன எனக்கே வேர்த்துக் கொட்டுச்சு" என்று அப்பா சிரித்துவிட்டார்.

இருவரும் கீழே இருந்த இரண்டு அறைகளை மட்டும் அளந்தார்கள். மறுநாள் கடைக்காரம்மா புதுத் தாளைப் பார்த்தார். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று சொல்லி, மூலையில் கிடந்த குட்டிக் கணப்பைக் காட்டினார். அது பழைய கணப்பு இருந்த இடத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை கணப்பு சன்னமாக முணுமுணுத்தது. பலகையில் அப்பாவும் ஏறி உட்கார்ந்துகொண்டார். தீரில் விளக்கை மூன்று முறை ஆட்டினாள். படகு நான்கு முறை சிமிட்டியது.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றினார், ஸ்வெட்டரையும் கழற்றினார். தீரில் அவர் மடியில் சாய்ந்தாள்.

"நாலாவது எதுக்கும்மா?"

"இன்னிக்கு ஜன்னல்ல ரெண்டு தலை தெரிஞ்சுச்சே" என்றார் அம்மா.