இரண்டாம் குரல்காரி

"இன்னிலேருந்து ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு மூணு மணி நேரம் வேணும். பாடப் போறேன்!"

டீ டம்ளரைக் கணவன் முன்னால் வைத்துவிட்டுத்தான் சொன்னாள். இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று பதினோரு வருடத்துக்கு முன்பே தடை போட்டிருந்த பேச்சு அது.

கணவன் செய்தித்தாளை நாலாக மடித்தான். கோபம் வந்தால் எதையாவது மடிப்பான். மடிக்க ஒன்றும் அகப்படாத நாளில்தான் கத்துவான்.

"அந்தப் பாட்டாலதானேடி எங்கம்மா கை வெளங்காமப் போச்சு? மறந்துட்டியா?"

கட்டிலில் சாய்ந்திருந்த மாமியார் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கு எப்படிடா மறக்கும்? குளியலறையில வழுக்கி விழுந்து, கேக்க நாதியில்லாம நாலு மணி நேரம் கெடந்தேன்... மகாராணி அங்க வாயைத் தொறந்து பாடிட்டு இருந்தா!"

இந்த வசவு அவளுக்கு மனப்பாடம்.

அந்த நாளில் சேர்ந்திசைக் குழு கூடியது பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறையில். முட்டி இடிக்கும் சின்ன பெஞ்சுகளில் பதினெட்டுப் பேர். பஸ் கண்டக்டர், செருப்புக்கடைக்காரர், இரண்டு நர்ஸுகள், தையல் வேலை முடித்து ஓடி வரும் இவள். தனியாகப் பாடச் சொன்னால் ஒருத்தருக்கும் தேறாது. ஆனால் பதினெட்டு வாயும் சேர்ந்து திறந்தால் ஜன்னல் கண்ணாடி முனகும். அவளுக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்கும். "பக்கத்துல இருக்கறவங்க மூச்சு வாங்கும்போது நீங்க சத்தத்தை விடாதீங்க. நீங்க வாங்கும்போது அவங்க பிடிச்சுக்குவாங்க" என்பார் வாத்தியார். வாழ்க்கையில் வேறு எங்கும் அவள் மூச்சு வாங்க யாரும் எதையும் பிடித்துக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்த மாமியாரைக் கொழுந்தனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. சினேகிதர்கள் கூப்பிட்டார்கள் என்று சினிமாவுக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவள் காலைப் பிடித்தான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா அடிச்சு வீட்டை விட்டே விரட்டிடும் அண்ணி..." அவள் உள்ளே போனதும், "பாடப் போனியா?" என்று கேட்டார்கள்; "போனேன்" என்று மட்டும் சொன்னாள். அத்தோடு பாட்டும் போயிற்று.

ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போது தன் பங்கை முணுமுணுப்பாள். அவள் பாடியது இரண்டாம் குரல். மேலே போகிற மெட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போவது. தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. "அண்ணி, மோட்டாருக்கு எண்ணெய் போடட்டுமா?" என்பான் கொழுந்தன். வீடே சிரிக்கும். எலக்ட்ரீஷியன் ஆன பிறகும் அதே கேலி.

இப்போது அவன் கருவிப் பையோடு வாசலில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா... போதும்மா. அவங்களைத் திட்டாதே."

"நீ யார்றா நடுவுல?"

"போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துல ஃபேன் மாட்டப் போனேன். எல்லாரும் பாடிட்டு இருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு... ஆனா நடுவுல என்னமோ ஓட்டை மாதிரி. அப்புறம்தான் உறைச்சுது. அண்ணி சிங்க்ல நின்னு முனகுறாங்களே, அதுதான் அங்க இல்ல! இத்தனை வருஷமா அபசுரம்னு சிரிச்சோமேம்மா..." பையைக் கீழே வைத்தான். "அன்னிக்கு உன்னைப் பாத்துக்க வேண்டியவன் நான். என்கிட்ட விட்டுட்டுத்தான் போனாங்க. நான்தான் சினிமாவுக்கு ஓடிட்டேன்!"

கணவன் கையில் இருந்த தாள் அதற்கு மேல் மடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஆனாலும் அவன் கத்தவில்லை.

"அடப் பாவி!" மாமியார் நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "அவ கையால தின்னுக்கிட்டே அவளைக் கரிச்சுக் கொட்டினேனே... ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"போனியான்னு கேட்டீங்க அத்தை. யார்கிட்ட விட்டுட்டுப் போனேன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே!"

மாமியார் அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதாள். கொழுந்தன் கட்டில் காலடியில் உட்கார்ந்து விசும்பினான். கணவன் கண்ணைத் துடைத்தான். நடுவில் அகப்பட்டுக்கொண்ட அவளுக்கு மட்டும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இவர்கள் அழுவது இவர்களுக்காக என்று தோன்றியது. அவளுடையதை அவள் எப்போதோ தனியாக அழுது தீர்த்துவிட்டாள்.

"இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் போ" என்றான் கணவன், தழுதழுத்து. "நானே வண்டியில கொண்டு போய் விடறேன். இன்னிக்கு மட்டும் இரு... எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசலாம்."

அவள் மெதுவாக மாமியாரின் கையை விலக்கி, முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"வர்றேன்னு வாத்தியாருக்கு முந்தாநாளே போன் பண்ணிச் சொல்லிட்டேங்க. நீங்க சரின்னாலும் வேணாம்னாலும் போறதாத்தான் இருந்தேன்."

"அப்போ எங்களை மன்னிக்கலையா நீ?"

"அதுக்கு இப்ப நேரமில்ல. பத்து மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க." செருப்பை மாட்டினாள். "அத்தைக்குப் பத்து மணிக்கு மாத்திரை. அப்புறம் தோளுக்கு எண்ணெய் தேய்க்கணும். அழுத்தாதீங்க, வலிக்கும்."

"எந்த மாத்திரை? எங்க இருக்கு?"

அவள் தெருவில் இறங்கியிருந்தாள்.