தம்பிக்குப் பதிலாக ஒரு மூச்சு

தம்பி ஊதும் கருவியிலிருந்து கழற்றிய வாய்க்குழாய் அவள் கையில் சோப்பு நுரையோடு இருந்தது. அப்போதுதான் மேசைமேல் கிடந்த கைப்பேசி ஒலித்து, இன்றைய ஊதல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டதாகக் காட்டியது.

தவறாகப் படித்துவிட்டோமோ என்று கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். சரியாகத்தான் படித்திருந்தாள். ஆனால் இன்று இன்னும் யாரும் ஊதவில்லை. கருவி, வாய்க்குழாய் இல்லாமல், அவன் கட்டிலருகே சும்மா கிடந்தது. நேற்றைய செய்தி தாமதமாக வந்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நேற்றைய செய்தி நேற்றே வந்துவிட்டது என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

தம்பிக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சுச் சளி பசையாகக் கெட்டிப்படும். அதில் கிருமி குடியேறினால் லேசில் கிளம்பாது. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் அந்தக் கருவியைக் கொடுத்திருந்தார்கள். தினமும் மாலையில் அவன் அதில் ஒரே மூச்சாக ஊதவேண்டும். அளவு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அது குறைந்தால் நர்ஸ் உடனே கூப்பிட்டு, அவனைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்வார்.

போன வாரம் அவன் மூச்சு பாதியிலேயே இருமலாக உடைந்தது. "முடியலக்கா. நீ ஊதேன்," என்று விளையாட்டாகக் கருவியை நீட்டினான். அம்மாவுக்கு மாலை வேலை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடவே இருக்கவேண்டியவள் அவள்தான். அவளுடைய தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கி ஊதினாள்.

"அடேங்கப்பா! யானை ஊதுன மாதிரி இருக்கு," என்று சிரித்தான் அவன்.

மறுநாள் அவன் கேட்காமலே ஊதினாள். அதற்கு மறுநாளும். சந்தேகம் வராதபடி, சிறுவனின் அளவு வந்ததும் மூச்சைப் பட்டென்று நிறுத்தப் பழகிக்கொண்டாள். அதில் ஒரு சாமர்த்தியமே வந்துவிட்டது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது. இரண்டு நாளாக அவன் சிரிக்கவும் இல்லை.

அறைக்குள் போனாள். இருட்டத் தொடங்கியிருந்தது. மருந்துப் புகையின் உப்பு வாடையும் வியர்வையில் நனைந்த தலையணையின் புளித்த வாடையும் கலந்து நின்ற அந்த அறையில், சூடான பாலை யாரோ ஆற்றுவதைப் போல, மெல்லியதாக, விடாமல், ஒரு ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலை அழுத்திச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

கைப்பேசி அடித்தது. நர்ஸ்.

"என்னம்மா, உன் தம்பி பலூன் கடையே வைக்கலாம் போலிருக்கே! மளமளன்னு ஏறுது."

"சிஸ்டர்... அவன் ஊதல."

"புரியலையே."

"ஒரு வாரமா நான்தான் ஊதினேன். அவனுக்கு ரொம்ப முடியல. நான் சொல்லாம விட்டுட்டேன். தயவுசெஞ்சு வண்டி அனுப்புங்க."



"வண்டிக்குச் சொல்றேன். திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். ஆமா, இப்ப யாரு ஊதறது?"

"யாரும் இல்லையே."

"இங்க வந்துக்கிட்டே இருக்கும்மா. திரையில கோடு நிக்கவே இல்ல. யாரா இருந்தாலும் நிறுத்தச் சொல்லு. இவ்வளவு நேரம் ஒரு ஆளால ஊத முடியாது."

விளக்கைப் போட்டாள். கருவியில் பச்சை வெளிச்சம். எடுத்து, பேட்டரியைப் பிடுங்கினாள். வெளிச்சம் அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

"இன்னும் வருதும்மா," என்றது கைப்பேசி.

சத்தம் கட்டிலிலிருந்து வந்தது.

"கண்ணா."

தோளைப் பிடித்துத் திருப்பினாள். உதடுகள் குவிந்திருந்தன. இல்லாத குழாயைக் கவ்வியதைப் போல. அவற்றின் நடுவிலிருந்து மூச்சு வெளியே போனது. போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை.

"போதும்டா. நிறுத்து. அக்கா சொல்றேன்ல, நிறுத்துடா."

வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் காற்று பீறிட்டது. வெதுவெதுப்பாக. விடாமல்.

வாரித் தூக்கினாள். கனமே இல்லை. ஒரு கை முதுகில். ஒரு கை நெஞ்சில். இறுக்கி அணைத்தாள்.

முதுகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒன்றுமில்லாமல், வெறும் சட்டைத் துணி வழியாக அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டன.

அவன் கண்களைத் திறந்து அவளையே பார்த்தான். உதடுகள் குவிந்தபடியே இருந்தன. மூச்சு இன்னும் வெளியே போய்க்கொண்டிருந்தது.