மூக்காண்டி வண்டிப் பம்பு

ஜீப்பில் பெட்ரோல் வாசனை இல்லை.

சங்கரன்கோவிலின் கடைசித் தீப்பெட்டி ஆபீஸும் பின்னால் போன பிறகுதான் வண்டியை ஓட்டிவந்த சங்கரசுப்புவுக்கு அது உறைத்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப். ராயகிரி துரைப்பாண்டி முதலாளி அதை வீட்டில் ஸ்டார்ட் செய்தால் சங்கரன்கோவில் தெரு நாய்கள் தும்மும் என்று பேர் வாங்கிய வண்டி. அதில் ஏறுகிறவன் பெட்ரோல் நெடியிலேயே பாதி போதையாகி இறங்குவான். இன்றைக்கு அது வேறு மாதிரி மணத்தது. பாசி. ஊறிப்போன தேங்காய் நார்க் கயிறு. வெயிலே படாத ஆழத்துத் தண்ணீர் வாளியில் மேலே வரும்போது முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த வாடை. மேலே உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இருபுறமும் கரிசல் காடு மழைக்கு வாயைப் பிளந்து கிடக்கிறது, ஒரு சொட்டு ஈரம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடையாது. ஆனால் சங்கரசுப்புவின் மூக்குக்குள் மட்டும் ஒரு கிணறு இருந்தது.

எந்தக் கிணறு என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் பின்சீட்டில் இருந்த மாடத்தியிடம், "வாசம் ஏதும் தெரியுதா தாயி?" என்று கேட்கவில்லை.

சங்கரசுப்பு லேசுப்பட்ட மெக்கானிக் இல்லை. ராஜபாளையம் ரோட்டில் போகிற லாரிச் சத்தத்தை வைத்தே டிரைவர் காலையில் இட்லி தின்றானா பழையது குடித்தானா என்று சொல்லுவான். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீசை அதைவிடப் பிரசித்தம். டீக்கடைக்குள் முதலில் மீசை நுழையும், நாலு பேருக்கு வணக்கம் சொல்லும், பிறகுதான் ஆள் வருவான். அந்த மீசைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

துரைப்பாண்டியின் ஜீப்புக்குப் பெட்ரோல் பம்பு போய்விட்டது. ஒரு கையில் அடங்குகிற சாமான்தான். டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளும். உள்ளே ஒரு ஜவ்வு, வண்டி கிளம்பாவிட்டால் கையால் அடித்துவிட ஒரு குட்டி லீவர், அழுக்கு தங்க ஒரு கண்ணாடிக் கிண்ணம். மதுரையில் தேடினான், நாகர்கோவிலில் தேடினான், கிடைக்கவில்லை. ஆனால் டீக்கடையில் ஊரே கேட்க வாய் விட்டிருந்தான்: "ஆயுத பூஜைக்குள்ள வண்டி ஓடலன்னா மீசைய எடுத்துருதேன் மொதலாளி!"

"யாருக்கு வே வேணும் உம்ம மீசை? அதுல தலையணையா தைக்க முடியும்? எனக்கு வண்டி ஓடணும்" என்றார் துரைப்பாண்டி. கடை முழுக்கச் சிரித்தது.

அந்த வாரத்தில்தான் குருவிகுளம் பக்கம், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்குள் ஒரு பருத்தி வியாபாரியின் ஜீப் விழுந்தது. இதே சாதி ஜீப். உள்ளே டிரைவர் மூக்காண்டி. சங்கிலியும் கப்பியுமாகப் போய் வண்டியை மேலே ஏற்றியவன் சங்கரசுப்புதான். போலீஸ் வருகிறவரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவனைக் காவலுக்கு வைத்துவிட்டு, அத்தனை பேரும் ரோட்டுக்குப் போனார்கள். கிணற்றடியில் அவனும் வண்டியும் மட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூக்காண்டி. தானாகத் திறந்துகொண்டிருந்த பானெட்டுக்குள், கழுவி வைத்தது போல ஒரு பெட்ரோல் பம்பு.

இரண்டே போல்ட்டு.

உடைந்த கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மூக்காண்டியின் கண் திறந்தே இருந்தது. ஸ்பேனர் போகிற பக்கமெல்லாம் அதுவும் வந்தது. சங்கரசுப்புவால் முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த முகத்தை மூடினான். மூடிவிட்டுக் கழற்றினான்.

அந்தப் பம்புதான் இப்போது இந்த ஜீப்பில் ஓடுகிறது. மீசை பிழைத்தது. ஆனால் ஓட்டிப் பார்க்க எடுத்த முதல் நாளே துரைப்பாண்டி, பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஒரு பெண்ணைக் கூட்டிவந்து ஏற்றிவிட்டார். "வே, சும்மாதான போறீரு? அந்தக் கிணத்துல போனாம்லா, மூக்காண்டி, அவன் பொண்டாட்டி. குருவிகுளத்துல எறக்கி விட்டுட்டு வாரும்." மாட்டேன் என்று எந்த வாயால் சொல்லுவான்?

"அண்ணாச்சி" என்றாள் மாடத்தி பின்னாலிருந்து. "ஒண்ணு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"சொல்லு தாயி."

"அன்னைக்கு ஊரே நின்னு வேடிக்க பாத்துச்சு. நீங்க ஒருத்தர்தான் அவுக மூஞ்சிய மூடி விட்டீக. அந்தத் துண்ட யாரையும் எடுக்க விடல நான். அதோடதான் அனுப்பி வச்சேன்."

சங்கரசுப்புவின் காதிரண்டும் கொதித்தன. பால் செம்பை வைத்திருந்தால் பொங்கி வழிந்திருக்கும். "அதெல்லாம் என்னத்த பெரிசு" என்றான்.

வண்டி இருமியது. ஒரு தடவை. தண்ணீர் புரையேறியவன் இருமுகிற மாதிரி. பிறகு நின்றது.

ஒரு மரமில்லை, ஆளில்லை, காக்காய் கூட இல்லை. என்ஜின் ஓய்ந்ததும் கரிசல் காட்டின் அமைதி காதை வந்து அடைத்தது. "நீ எறங்காத தாயி, வெயிலு" என்று சொல்லிவிட்டு அவன் பானெட்டைத் தூக்கினான். கிணற்று வாடை குப்பென்று எழுந்து மீசையை நனைத்தது.

கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை. தண்ணீர். லேசான பச்சை. அவன் கிளிப்பைத் தளர்த்திக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். கரிசல் அதை ஒரே மடக்கில் குடித்தது. துடைத்து மாட்டினான். திரும்பவும் நிறைந்தது. டாங்கியில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டாங்கியிலிருந்து வருகிற டியூப்பைப் பிடுங்கினான். சுத்தமான பெட்ரோல் சொட்டியது. ஒழுக்கு அடைக்க வைத்திருந்த பார் சோப்புத் துண்டை அதில் அடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

டியூப்பே இல்லாத பம்பு. கிண்ணம் நிறைந்து கொண்டிருந்தது.

டொக்.

குட்டி லீவர் கீழே போய் மேலே வந்தது. அவன் கை அங்கே இல்லை. யார் கையும் இல்லை. லீவரின் நுனியில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஈரம். வெயில் அதைக் காய வைத்தது.

டொக். மறுபடி ஈரம்.

முதுகுத்தண்டில் குளிர் ஏறியது உண்மை. ஆனால் அதற்கும் முன்னால் வந்தது வேறொன்று: அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே. இரண்டு கையாலும் பம்பைப் பொத்தினான், வயிற்றுக்குள் ஒளிக்கிறவன் போல மேலே கவிழ்ந்தான். உள்ளங்கைக்குள் அது அடித்தது. பொறுமையாக. விடாமல்.

"நான் புடிக்கட்டுமா அண்ணாச்சி? அவுக வண்டி நின்னா நான்தான் ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன்."

பக்கத்தில் நின்றாள். எப்போது இறங்கினாள்?

"வேண்டாம் தாயி. நீ போயி உக்காரு."

"கைய எடுங்க, பாப்போம்."

எடுக்கவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. அடையாளம் தெரியாதிருக்க அவன் அப்பி வைத்திருந்த கிரீஸை அது கழுவிக்கொண்டு போனது. கிரீஸுக்கு அடியிலிருந்து, பம்பின் கழுத்தில் இறுக்கி முடிந்த மஞ்சள் கயிறு வெளியே வந்தது.

மாடத்தி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நான் கட்டுன கயிறுல்லா" என்றாள். "பம்பு மக்கர் பண்ணுதுன்னாக. கோமதியம்மன் கோயில்ல வச்சு வாங்கி நான்தான் கட்டி விட்டேன்."

காறித் துப்புவாள் என்று காத்திருந்தான். செருப்பைக் கழற்றுவாள். மண்ணை அள்ளித் தூற்றுவாள். அதில் ஏதாவது ஒன்றைச் செய்யட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினான். மீசை, தோள், முட்டி என்று அவனுடைய ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூனிக் குறுகியது.

அவள் கண் நிறைந்து சிரித்தாள்.

"அவுகளோடது ஒண்ணுகூட மிஞ்சலன்னு இருந்தேன். நீங்க எடுத்துக் காப்பாத்தி வச்சிருக்கீக. நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. கழத்தித் தாங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். ஸ்பேனரைத்தான் எடுத்தான். கழற்றினான். போல்ட்டு வெயிலில் விரலைச் சுட்டது. பம்பு ஐஸ் மாதிரி இருந்தது. ஏந்தின கைகளில், எந்த வண்டியோடும் சேராமல், அது தானாக அடித்தது.

டொக். டொக்.

"அவுகளுக்கு மூச்சு முட்டுது" என்றாள் மாடத்தி. "தண்ணி குடிச்சவுகளுக்கு வாயில ஊதணும்னு அன்னைக்கே கத்துனேன். ஒருத்தரும் கேக்கல. நீங்க அசையாமப் புடிங்க. நான் ஊதுதேன்."

குனிந்தாள். டியூப் மாட்டுகிற துவாரத்தில் வாயை வைத்தாள்.

பம்புக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்று தள்ளும். ஒன்று உறிஞ்சும். அவள் வாய் வைத்தது உறிஞ்சுகிற வாயில்.

அந்தப் பக்கம் இல்ல தாயி. நாலே வார்த்தைதான். சொன்னால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். இவ்வளவு நேரம் உண்மையை ஒளித்து நின்ற முகத்தை.

சொல்லவில்லை.

டொக்.

அவள் ஊத எடுத்த மூச்சு உள்ளே போனது. கன்னம் குழிந்தது. டொக். இன்னொரு மூச்சு. அவள் விடவில்லை. அது விடவில்லை. சங்கரசுப்பு கையை உதறினான். கை வரவில்லை.

தள்ளுகிற வாய் அவன் மணிக்கட்டைப் பார்த்து இருந்தது. அதிலிருந்து தண்ணீர் வருவது நின்றது. காற்று வந்தது. வெதுவெதுப்பாக. அவள் பஸ் ஸ்டாண்டில் மென்ற வெற்றிலை மணத்தோடு. பிறகு, கரகரவென்று, நெஞ்சுப் பாரம் இறங்கிய ஒரு ஆம்பிளையின் நீண்ட பெருமூச்சு.

டொக்.

மாடத்தியின் கன்னத்துத் தோல் பல்வரிசை தெரிய உள்ளே ஒட்டியது. கழுத்து நரம்பு ஒவ்வொன்றாக அமிழ்ந்தது. இமைக்காத இரண்டு கண் மட்டும் மேலே உருண்டு, அவனை நன்றியோடு பார்த்தபடியே இருக்க, பம்பு நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.