எருமையை அறுத்த கை

"என் அண்ணன் பொய் சொல்றான். எதுக்குப் பொய் சொல்றான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

ஸுபேதா உட்காரவில்லை. போலீஸ் சாவடியின் வாசற்படியைத் தாண்டியதும் அதைத்தான் சொன்னாள். துணிமூட்டை ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே குழந்தை இருக்கிறதோ என்று, இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹவாவுக்குத் தோன்றியது. இருந்தது அவள் புருஷனின் சட்டை.

சலூம் செத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரூஃபிஜி ஆற்றுக்குத் தெற்கே, குரோவ் என்ற வெள்ளைக்காரனின் வேட்டை முகாமில் அவன் தடம் பார்ப்பவன். ஸுபேதாவின் அண்ணன் பக்காரி அங்கேயே துப்பாக்கி சுமப்பவன். அடிபட்ட காட்டெருமையின் ரத்தத் தடத்தைப் பிடித்து முள்புதருக்குள் போகும்போது, வேட்டைக்கு வந்த கெஸ்லர் துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பக்காரி தோளில் சுமந்து போனானாம். வேர் தடுக்கி விழுந்தானாம். இரண்டு குழலும் வெடித்து, முன்னால் போன சலூமின் முதுகில் குண்டு பாய்ந்ததாம். பக்காரியே சொல்லிக் கைநாட்டும் வைத்துவிட்டான். திங்கட்கிழமை தீர்ப்பு.

"பதினெட்டு வருஷமா துப்பாக்கி தூக்கறவன், ஐயா. ஒரு தண்ணிக் குடத்தக்கூடக் கீழ போட்டதில்ல. அவன நான் வெறுக்கணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லிடுங்க. தூக்கம் வரல."

இன்ஸ்பெக்டர் அத்துமானி அவசரப்படாத மனிதர். மூட்டையைப் பிரித்துச் சட்டையை மேசைமேல் விரித்தார். முதுகில் ஓட்டை. ரத்தம் காய்ந்து துணி அட்டையாக விறைத்திருந்தது. இடது கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. வலது கை முழங்கைக்கு மேலே சுருட்டப்பட்டு, சுருட்டிய மடிப்புகள் ரத்தத்தில் ஒட்டி அப்படியே நின்றன.

"நீ எதையும் தொட்டியாம்மா?"

"எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே வெச்சிருக்கேன். துவைக்க மனசு வரல."

மூட்டையின் அடியில் வாழையிலையில் சுற்றிய உலர்ந்த இறைச்சி இருந்தது. "சாப்பிடுங்க ஐயா. அந்த எருமைதான். முகாம்ல இருந்து ஊருக்கே பங்கு போட்டாங்க. எனக்கு மட்டும் ரெண்டு தொடை. கூடவே சோளமாவும்."

அத்துமானி ஒரு துண்டைக் கையில் எடுத்து நிறுத்தினார். "ஹலால்தானா?"

ஹவாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வனவிலங்குத் துறை அதிகாரி. அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். ஒருத்தன் செத்திருக்கிறான், இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போகப்போகிறான், இவருக்கு இறைச்சிக் கவலை.

"இமாமே வாங்கித் தின்னாரு," என்றாள் ஸுபேதா. "உசிரு இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்ததுன்னு பக்காரி அண்ணன் பள்ளிவாசல்ல நின்னு சத்தியம் பண்ணிச்சு."

அத்துமானி தலையாட்டினார். ஆனால் இறைச்சியைச் சாப்பிடவில்லை. இலையிலேயே திரும்ப வைத்தார்.

முகாமுக்குப் போகும் வழியெல்லாம் ஹவா பேசிக்கொண்டே வண்டியை ஓட்டினாள். "இவனுங்க நம்ம காட்டுக்கு வருவானுங்க, நம்ம எருமையச் சுடுவானுங்க, நம்ம ஆளு செத்தா நம்ம ஆளுதான் குத்தவாளி. பேஷான ஏற்பாடு ஐயா!"

"கோபத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ரோட்டுப் பள்ளத்தப் பாரு," என்றார் அவர்.

கெஸ்லர் நல்லவனாகத்தான் தெரிந்தான். அதுதான் ஹவாவுக்கு இன்னும் ஆத்திரம். மூக்குத்தண்டில் பிளாஸ்திரி, முள் கிழித்ததாகச் சொன்னான். மறுநாள் காலை அவனுக்கு விமானம்.

"அழகான துப்பாக்கி. நான் இத்தனை பெரிசைத் தொட்டதே இல்லை. எப்படிப் பிடிப்பீங்க?" என்று சின்னப் பையனைப்போல் கேட்டார் அத்துமானி.

கெஸ்லருக்குப் பெருமை. துப்பாக்கியை மடித்துத் திறந்தான். இரண்டு குழலும் காலி என்று காட்டினான். பிறகு மூடித் தோளில் ஏற்றினான். அடிக்கட்டை தோளைத் தொட்டதும் அவன் முகம் கோணியது. குழலுக்கு ஒன்றாக இரண்டு விசை; முன்விசையில் ஆள்காட்டி விரல், பின்விசையில் நடுவிரல் என்று இரண்டு விரலும் தாமாகப் போய் உட்கார்ந்தன. குரோவ் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அத்துமானி நன்றி சொன்னார். எல்லாரையும் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வரச் சொன்னார். குரோவ், கெஸ்லர், வண்டி ஓட்டும் யோசேப்பு, கைவிலங்கோடு அழைத்துவரப்பட்ட பக்காரி எல்லாரும் வந்தார்கள். அவர்களோடு வண்டியில் வந்திருந்த ஸுபேதா கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையல்காரர் ஒரு மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாக்குமூலம் இருக்கு," என்று ஆரம்பித்தார் அத்துமானி. "வண்டி வர்ற வரைக்கும் சலூம் தலைய மடியில வெச்சு உக்காந்திருந்தேன், அந்த இடத்த விட்டு நகரலன்னு பக்காரி சொல்றான். தனியாப் போய் எருமையைச் சுட்டு முடிச்சேன்னு குரோவ் சொல்றார். வண்டியோட போய் அதை ஏத்தினேன்னு யோசேப்பு சொல்றான். யோசேப்பு, நீ எந்தக் கோயிலுக்குப் போறே?"

"சர்ச்சுக்குத்தான் ஐயா."

"குரோவும் முஸ்லிம் இல்ல, துரையும் இல்ல. சரி. மூணு பேர் சொல்றதும் நிஜம்னா, பிஸ்மில்லா சொல்லி அந்த எருமைய அறுத்தது யாரு?"

ஹவா பக்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பக்காரி போலீஸ்கிட்ட பொய் சொல்லுவான். ஆனா ஊரையே ஹராம் தின்ன வைக்க மாட்டான். பள்ளிவாசல்ல அவன் சொன்னது சத்தியம். அவன் அறுக்கலன்னா அங்க இருந்த இன்னொரு முஸ்லிம் சலூம் ஒருத்தன்தான். முள்புதர்ல போறவன் எவனும் சட்டைக் கையைச் சுருட்ட மாட்டான், தோல் உரிஞ்சிடும். சலூம் வலது கைய முழங்கைக்கு மேல சுருட்டியிருந்தான். கத்தி பிடிக்கிறவன் சுருட்டற மாதிரி. அவன் சாகும்போது எருமை ஏற்கனவே விழுந்து கிடந்துச்சு. அவன் குனிஞ்சு அதை அறுத்துட்டிருந்தான்."

அத்துமானி கெஸ்லர் பக்கம் திரும்பினார்.

"கழுத்து அறுபட்டதும் அது ஒரு தடவை உதறும். துரை பயந்துட்டார். இன்னொரு குண்டு போடலாம்னு நினைச்சார். ஆனா ரெண்டு விசையிலயும் ரெண்டு விரல். முதல் குழல் வெடிச்ச உதையில ரெண்டாவது விசையும் இழுபட்டுடுச்சு. மொத குண்டு எருமைக்குப் போச்சு. உதையில குழல் மேல தூக்க, ரெண்டாவது குண்டு அதுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சிருந்தவன் முதுகுக்குப் போச்சு. ரெண்டும் சேர்ந்து உதைச்சதுல சொந்தக் கட்டைவிரலே மூக்கை உடைச்சிருக்கு. தோள் இன்னும் ஆறல. ஒத்தை விரல் வெச்சிருந்தா சலூம் இன்னைக்கு வீட்ல இருப்பான்."

முடித்துவிட்டார். ஹவா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது அதிர்வார்கள், கத்துவார்கள், ஓடப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள்.

சமையல்காரர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

யோசேப்பு மெதுவாகச் சொன்னான்: "நீங்க சொன்னதுல எங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல ஐயா."

கெஸ்லர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். குரோவ் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். "விருந்தாளி கொன்னார்னு பதிவானா இந்தக் காட்டு உரிமம் போயிடும், இன்ஸ்பெக்டர். நான் வேற நாட்டுக்குப் போயிடுவேன். இவங்க எங்க போவாங்க?"

"அத நீ சொல்லாத!" என்று ஹவா பாய்ந்தாள். "ஐயா, கைது பண்ணுங்க. இப்பவே!"

"எதை வெச்சு?" அத்துமானியின் குரல் உயரவில்லை. "அவங்ககிட்ட மூணு சாட்சி இருக்கு, குத்தவாளியோட ஒப்புதலும் இருக்கு. என்கிட்ட ஒரு சட்டைக் கை, ரெண்டு விரல், ஒரு துண்டு இறைச்சி. பக்காரி, நீ வாயைத் தொறந்தா மட்டும்தான்."

பக்காரி வாயைத் திறந்தான். தங்கையைப் பார்த்துத்தான் பேசினான். "முகாம மூடினா நம்ம ஊர்ல எந்த வீட்டுல அடுப்பு எரியும், சொல்லு. நான் உள்ள போய்ட்டு வந்துருவேன். செத்தவன் வரப்போறதில்ல. நான்தான் கொன்னேன்னு கோர்ட்ல சொல்லுவேன் ஐயா."

"அல்லா மேல ஆணையாச் சொல்லுவியா?"

"அதைக் கேக்காதீங்க. கோர்ட்ல அதைக் கேக்க மாட்டாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

ஸுபேதா கம்பை விட்டுவிட்டு அண்ணனிடம் வந்தாள். அறையப்போகிறாள் என்று ஹவா நினைத்தாள்.

"அண்ணே. அப்ப அந்தக் கறிய அறுத்தது அவருதானா?"

பக்காரி தலைகுனிந்தான்.

"நான் ரெண்டு வாரமா அதைத்தானே பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன்."

அண்ணனை வெறுக்கவேண்டுமா வேண்டாமா என்று அவள் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை, ஊருக்கு மேலே சின்ன விமானம் ஒன்று வடக்கே போன சத்தம் கேட்டபோது, ஹவா ஸுபேதாவின் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தாள். அத்துமானி சாவடியில் யாரும் படிக்கப்போகாத அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். முற்றத்துக் கொடியில் இன்னும் ஒரு வரிசை இறைச்சி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் களித்தட்டோடு காத்திருந்தன.

"இறக்கிப் போட்டுடவா அக்கா?" என்று ஹவா கேட்டாள்.

"அவர் அறுத்ததும்மா," என்றாள் ஸுபேதா. "எப்படித் தூக்கிப் போடுவேன்?"

கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவள் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள்.