நாலாவது அடி

முதலில் அது ஏற்றத்தில் மட்டும்தான் கேட்டது. மஷூரின் பழைய பெட்ரோல் வேன் மூன்று அடி ஒழுங்காக அடிக்கும். நாலாவது அடி வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இராது. பல் விழுந்த ஈறு மாதிரி வழுவழுப்பாக ஒரு வெறுமை, பிறகு மறுபடி மூன்று. இரண்டு வாரத்துக்குள் அது இறக்கத்துக்கும் வந்தது, சமதரைக்கும் வந்தது. பிளக் நாலும் புதுசு, வயர் புதுசு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி புதுசு, கார்பரேட்டரைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பூட்டியாயிற்று. மிஸ், அந்தத் தப்பல், அப்படியே இருந்தது. கூடவே ஒரு வாடையும் வந்து சேர்ந்தது.

மஷூருக்குப் பயம் எஞ்சினைப் பற்றி அல்ல, தன் நெஞ்சைப் பற்றி. போன வருஷம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஏற்றத்தில் நடக்கக் கூடாது, துடிப்பு ஒரு அடி தப்பின மாதிரி இருந்தால் அந்த நிமிஷமே வரவேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். புளத்கொகுபிட்டியவைச் சுற்றி தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாகப் போய்ச் சேலை விற்கிற மனுஷனுக்கு ஏற்றமில்லாத பாதை எங்கே இருக்கிறது? வேன்தான் அவருக்குக் கால். அதனால் எஞ்சின் ஒவ்வொரு முறை தப்பும்போதும் அவர் விரல் தானாகவே இடது மணிக்கட்டுக்குப் போய் நாடியைத் தேடியது. இதுவரை அது தப்பவில்லை.

இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேன் லயத்தில் இருக்கிற கருப்பாயி என்ற பெண்ணின் புருஷன் ஓட்டியது. அவன் செத்துக் கொஞ்ச நாள் கழித்து வாங்கப் போனபோது எஞ்சின் மணி மாதிரி ஓடியது. அப்படி ஒரு ஓட்டத்தை மஷூர் அதுவரை கேட்டதே இல்லை. கேட்ட மாத்திரத்தில், விலையைக் குறைக்க, கஷாயம் குடித்தவர் போல முகத்தைச் சுளித்தார். அவர் குறை சொல்லாமல் வீட்டுக்கு அழைத்து வந்தது மனைவி ஸுமைராவை மட்டும்தான். அதுவும் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டதால். எஞ்சினுக்கு மேலிருந்த சீட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "மூணாவதுல மிஸ் ஒண்டு ஈக்குது" என்றார்.

பச்சைப் பொய்.

சேலைக்கார மஷூரை 'நானா', அண்ணன், என்று கூப்பிடுகிற கருப்பாயி, முந்தானையில் முடிந்த சாவியை அவிழ்த்தாள். பிறகு, "அவரு கையில ஒரு அடி தப்புனதில்லீங்க நானா. நல்ல எஞ்சின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க கேக்குற வெலைக்கே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

வாங்கி முடிக்கும் முன் பொருளைப் புகழ்ந்தால், செத்த தகப்பன், வாப்பா, கபுறுக் குழியிலிருந்து எழுந்து வந்து அறைவார். மஷூர் சொல்லவில்லை.

"சரிங்க." அவர் கேட்ட குறைந்த விலைக்கே சாவியை உள்ளங்கையில் வைத்தாள். "தப்புதுன்னா தப்பட்டும். ஒங்ககிட்டயே தப்பட்டும்."

ஊரே 'பாஸ்' என்று கூப்பிடுகிற மெக்கானிக் முத்துவீரனின் கராஜ் ரப்பர் தோட்டத்து ஓரத்தில், நாலு தகரமும் ஒரு குழியுமாக இருந்தது. பகல் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்து, தகரத்தில் விடாமல் கொட்டியது. புளித்த ரப்பர் பாலின் நாற்றம் வெளியே போதுமான அளவு இருந்தது. ஆனால் முத்துவீரன் முன்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த எஞ்சினைத் திறந்ததும், அந்த நாற்றம் சந்தனம் போலாகிவிட்டது. கழுவாத ஆட்டுக்குடல், கருவாடு ஊறிய தண்ணீர், அதற்குள்ளே குழந்தை கக்கிய பால் மாதிரி ஒரு இனிப்பு. அந்த இனிப்புக்குத்தான் மஷூர் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க நானா, வேன்ல கருவாடா ஏத்துனீங்க?"

"சேலதான் பாஸ் ஏத்துறேன். என்ட யாவாரத்துல நாறுற சாமான் நான் மட்டும்தான்."

முத்துவீரன் சிரித்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பூட்டினான். முதலாவதைப் பிடுங்க எஞ்சின் நொண்டியது. இரண்டாவதுக்கும் நொண்டியது. நாலாவதுக்கும். மூன்றாவதைப் பிடுங்கினான், ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"செத்தது இதுதாங்க. மூணாவது. வெடிக்கிற வரிசையில இதுதான் கடைசி, நாலாவது அடி."

எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தப் பிளக்கைக் கழற்றினான். முந்தாநாள் பூட்டிய பிளக். காய்ச்சல்காரன் நாக்கில் படிகிற வெள்ளை மாவு அதில் படிந்திருந்தது. முனையிலிருந்து மஞ்சள் கோழை ஒன்று நூலாக இறங்கி, அறாமல் ஆடியது. பெட்ரோலும் இல்லை, ஒயிலும் இல்லை. மோந்து பார்த்த முத்துவீரன் திரும்பிக் காறித் துப்பினான். துணியில் துடைத்தபோது, துணியோடு ஒரு நரைமுடி வந்தது.

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

சிலிண்டருக்குள் காற்றழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில் வயரைக் கழற்றிக் கீழே போட்டான். இனி எஞ்சின் சுற்றுமே தவிரப் பிடித்து ஓடாது. பிளக் ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்தால், காற்று விரலை வெளியே தள்ள வேண்டும். முதலில் அவன் விரலை வைத்தான், மஷூர் சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்று. வெடுக்கென்று கையை இழுத்தவன், மண்ணெண்ணெய் டின்னுக்குள் மணிக்கட்டு மூழ்க விட்டான்.

"தள்ளுதா?"

முத்துவீரன் டின்னுக்குள் விரலைத் தேய்த்துக் கழுவினான்.

"பாஸ், தள்ளுதா இல்லையா?"

"நீங்களே வச்சிப் பாருங்க நானா." விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

அது உண்மை. அடுத்தவன் வாயை நம்பி மஷூர் ஒரு முழத் துணிகூட வாங்கியதில்லை. குனிந்து, ஓட்டையில் பெருவிரலை வைத்தார். பெட்ரோல் கண்ணில் தெறிக்காமலிருக்க முத்துவீரன் அவர் கைக்கு மேல் துணியைப் போர்த்திவிட்டு, மறுபக்கக் கதவுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினான்.

காற்று தள்ளவில்லை. உறிஞ்சியது.

சூடு. ஈரம். பல்லில்லாத ஈறு இரண்டு, கிழவன் வெற்றிலையை மெல்லுவது போல விரலை மென்றன. பிறகு மெல்லுவது நின்றது. உள்ளே ஏதோ ஒன்று, விரலைச் சுற்றிப் பிடித்தது.

அந்தப் பிடி அவருக்குத் தெரியும்.

வாப்பா இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்தவர். அவர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைக்குட்டைக்கு அடியில் கையும் கையும் பேசிக்கொள்ளும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. திருப்பி அழுத்தினால் சம்மதம். நடக்கப் பழகிய கையோடு மஷூர் பழகியது அது.

ஒரு விரல். ஒன்று கேட்கிறது.

ஒன்று, என்ன?

இழுத்தார். வரவில்லை. பிடி இறுகியது. அவசரப்படாமல், பொறுமையாக, விலை தெரிந்தவன் பிடிக்கிற பிடி. துணிக்கு அடியிலிருந்து கோழை வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. கருப்பாயி கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது புளித்த எச்சில். விட்டால் போதும். இது விட்டால் போதும்.

அவரைக் கேட்காமல், நாற்பது வருஷப் பழக்கத்தில், பெருவிரல் ஒரு முறை திருப்பி அழுத்தியது. சம்மதம்.

விட்டது.

எஞ்சின் பிடித்தது.

"நானா!" மறுபக்கக் கதவில் முத்துவீரன். சாவி அவன் விரலில் தொங்கியது. "நான் நிப்பாட்டிட்டேன் நானா! சாவி என் கையில!"

காயில் வயர் தரையில் கிடந்தது. பிளக் பலகையில் கிடந்தது. எஞ்சின் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மணி மாதிரி. ஒரு அடி தப்பாமல்.

மஷூரின் விரல் மணிக்கட்டைத் தேடியது. கோழையில் வழுக்கியது. மறுபடி தேடி நாடியைப் பிடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

இல்லை.

துணி இன்னும் ஓட்டையின் மேல் கிடந்தது. அதன் நடுவில் ஒரு முனை மெதுவாக எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று.

இரண்டு விரல்கள். இப்போது இரண்டு கேட்கிறது. துணிக்கு அடியில் நிமிர்ந்து, அசையாமல், அவர் கைக்காகக் காத்துக்கொண்டு.