புழு கடித்த இடம்

பழைய படங்களைப் பழுதுபார்க்கும் அறைக்கு அன்று காலையும் அவள்தான் முதலில் வந்தாள். பதினோரு வருடமாக அப்படித்தான் வருகிறாள். கழுத்து வலியும் கூடவே வருகிறது. இந்த ஒரு படம் முடிந்தால் லீவு. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை ஒண்டியாகப் பார்த்துப் பார்த்துத் தங்கை ஓய்ந்துபோயிருந்தாள். இன்று சாயங்காலம் கிளம்பி வருவதாகத் தங்கையிடம் இவள் சொல்லியிருந்தாள்.

இருநூறு வருடத்துக்கு முந்தைய நீர்வண்ணப் படம் அது. ஒரு செடி, அதன் இலையில் ஒரு பச்சைப் புழு. வரைந்தவள் கண்ணெதிரே உயிரோடு இல்லாத எதையும் வரைந்ததில்லை. முடித்த படங்களின் கீழெல்லாம் 'நேரில் பார்த்தது' என்று பென்சிலில் எழுதியிருப்பாள். இதன் கீழ் மட்டும் எழுத்தில்லை. புழு கூடு கட்டுவதற்குள் அவள் செத்துப்போனாள்.

புழுவின் வாயருகே இலையில் ஒரு வெள்ளை இடம் இருந்தது. நிறம் உதிர்ந்துவிட்டது என்று நினைத்து, நேற்று இவள் அதில் பச்சை தீட்டி அடைத்துவிட்டாள். பழைய படத்தில் புது வண்ணம் வைக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் இவள்தான். அசதிக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது.

விளக்கைப் போட்டாள்.

அடைத்த இடம் மறுபடி வெள்ளையாக இருந்தது. ஓரமெல்லாம் கடித்த தடம். அது உதிர்ந்த நிறமல்ல, புழு தின்ற இடம் என்று அப்போதுதான் புரிந்தது.

புழுவைக் காணவில்லை.

நசுங்கிய இலையின் வாடை அடித்தது. வலது கையைப் படத்தருகே ஊன்றிக் குனிந்தாள். போன் அடித்தது, இடது கையால் எடுத்தாள்.

"சாயங்காலம் கிளம்பிடுவல்ல, அக்கா? என்னால முடியலக்கா."

காகிதத்தில், தண்டுக்குக் கீழே, ஈரம் காயாமல் ஒரு ஆள்காட்டி விரல் வரையப்பட்டிருந்தது. கணுவில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

இவளுடைய விரல்.

விரல் நுனியில் பாதி கட்டிய கூடு. அதன் கீழே பென்சிலில்: 'நேரில் பார்த்தது. இன்னும் முடியவில்லை.'

மேஜையில் ஊன்றிய விரலைப் பார்த்தாள். கண்ணுக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மெல்லிய நூல் ஒன்று சுற்றிச் சுற்றி இறுகுவதை உணர்ந்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"வர முடியாதும்மா," என்றாள். பயத்தைவிட அலுப்புதான் குரலில் இருந்தது. "கையை அசைக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

அவளுக்குப் பின்னால், கிண்ணத்துத் தண்ணீரில் யாரோ நிதானமாகத் தூரிகையை அலசினார்கள்.